அடிமரத்துப் பட்டையும் வேலிக்கம்பியும்: வாசகர் கேள்வி பதில்

சுங்கை சிப்புட்டில் இந்த ஒரு மாதமாகச் சாயங்காலம் தவறாமல் மழை. விடிந்தால் எந்தத் தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) நின்றாலும், நைலான் கயிறு சுழன்று புல் வெட்டும் மெஷின் சத்தம். வந்திருக்கும் கடிதங்களும் பெரும்பாலும் அதைப் பற்றியே. பூச்செடிக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன். கேட்டிருந்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: மூன்று வருஷத்துக்கு முன் ‘அனாக் செக்கோலா’ ரக ரம்புத்தான் ஒட்டுக்கன்று வாங்கி வீட்டு முன்னால் நட்டேன். மாதம் ஒருமுறை ஆள் வந்து மெஷினில் புல் வெட்டிவிட்டுப் போவார். நேற்றுப் பார்த்தால் அடிமரத்தில் ஒரு சாண் உயரத்துக்குப் பட்டை நார் நாராகக் கிழிந்து, உள்ளே வெள்ளையாகத் தெரிகிறது. இலை எல்லாம் பச்சையாகத்தான் இருக்கிறது. அப்படியே விட்டால் ஆறிவிடுமா? (வாசகி, பீடோர்)

பதில்: அம்மா, அது மெஷின் கயிறு அடித்த காயம். இலை பச்சையாக இருப்பதை நம்பிச் சும்மா இருந்துவிடாதீர்கள். வேர் உறிஞ்சும் தண்ணீர் கட்டை வழியாக மேலே போகிறது. இலை சமைக்கும் சாப்பாடு பட்டை வழியாகக் கீழே இறங்குகிறது. பட்டை போய்க் கட்டை மிஞ்சினால் தண்ணீர் ஏறிக்கொண்டே இருக்கும், இலையும் பச்சையாகவே இருக்கும். கீழே வேர் பட்டினி கிடக்கும். சேமித்து வைத்ததைத் தின்று சில வாரம், சில மாதம்கூட ஓட்டும். அது தீர்ந்த பிறகு மரம் ஒரேயடியாகச் சாயும்.

இதை நான் பார்த்துத் தெரிந்துகொண்டேன். தோட்டத்தை விட்டு நாங்கள் தாமானுக்குக் குடிவந்தபோது லயத்து வீட்டுப் பின்னாலிருந்து அம்மா ஒரு மாங்கன்றை வேரோடு பெயர்த்து, கோணிச் சாக்கில் சுற்றி லோரியில் ஏற்றிவந்தார். ஏழாவது வருஷம் புல் வெட்ட வந்த ஒருவர் மரத்தடியைச் ‘சுத்தமாக’ வெட்டிக் கொடுத்தார். மூன்று மாதம் தொடர்ந்து அப்படியே. நாங்கள் யாரும் குனிந்து பார்க்கவில்லை. அந்த வருஷம் மாமரம் இலை தெரியாமல் பூத்தது. அக்கம்பக்கத்தார் வந்து பார்த்து, அம்மாவின் கைராசி என்றார்கள். கீழே இறங்க வழியில்லாத சாப்பாடு மேலேயே தேங்கியதால் வந்த பூ அது. பிஞ்சு கட்டைவிரல் அளவு வந்தபோது இலை சுருண்டது. அம்மா மரத்தடியில் உட்கார்ந்து மண்ணைத் தள்ளிப் பார்த்தார். வளையல் போட்டது மாதிரி சுற்றிலும் பட்டை இல்லை. வெட்டியவரை அவர் திட்டவில்லை. “காயத்தைப் பார்க்காம விட்டுட்டோமே” என்று மட்டும் சொன்னார்.

அவர் அப்படிச் சொன்னதற்குக் காரணம் உண்டு. இருபத்தெட்டு வருஷம் பால்மரம் (ரப்பர் மரம்) சீவியவர் அம்மா. விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குப் போவார். பள்ளி விடுமுறையில் நானும் பால் பிடிக்கும் மங்கு துடைக்கக் கூடப் போவேன். ஒரு வெட்டுக்கு ஒன்றரை மில்லிமீட்டர் கனத்துக்குத்தான் பட்டை சீவ வேண்டும். கத்தி கட்டையைத் தொடக்கூடாது. கட்டைக்கு மேல் ஒரு மில்லிமீட்டர் அளவுக்குப் பட்டை எப்போதும் மிச்சம் இருக்க வேண்டும். பட்டையும் கட்டையும் சேரும் அந்த இடத்தில்தான் கேம்பியம் என்ற மெல்லிய படை இருக்கிறது. வெளிப்பக்கம் பட்டையையும் உள்பக்கம் கட்டையையும் வளர்ப்பது அதுதான். அங்கே கத்தி பட்டால் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும், பிறகு அந்தப் பக்கம் சீவவே முடியாது. காயம் பட்ட மரத்தைக் கண்டால், வேலையை மேற்பார்க்கும் மண்டோர் விடமாட்டார். பிற்பாடு நானே மண்டோராகி முப்பத்தொரு வருஷம் அந்த வேலையைச் செய்தேன்.

இங்கிருந்து பக்கத்து ஊர்தான் குவாலா கங்சார். சிங்கப்பூரிலிருந்து வந்த ரப்பர் கன்றுகளில் 9 கன்றுகளை 1877-ல் அங்கே நட்டார்கள். அவற்றில் ஒன்று மாவட்ட அலுவலகத்துக்கு அருகே இன்னமும் நிற்கிறது. 1888-ல் சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவின் பொறுப்பை ஏற்ற ரிட்லி, மரத்தைக் கொத்திப் புண்ணாக்காமல் பட்டையை மட்டும் மெல்லச் சீவும் முறையைக் கண்டார். ஒரே மரத்தில் இருபத்தைந்து முப்பது வருஷம் பால் எடுக்க முடிந்தது அதனால்தான். நம் பெற்றோர் மூன்று தலைமுறை அந்த ஒரு மில்லிமீட்டரைக் காப்பாற்றித்தான் நமக்குச் சோறு போட்டார்கள். அவர்கள் பிள்ளைகள் வீட்டு முற்றத்தில் மெஷினின் நைலான் கயிறு அதை ஒரு நிமிஷத்தில் அழிப்பதைப் பார்க்கும்போது எனக்கு மனசு ஆறவே இல்லை.

உங்கள் மரத்துக்கு வருகிறேன். ஈரத்துணியால் அடிமரத்தைத் துடையுங்கள். விரலால் மரத்தைச் சுற்றித் தடவி, கீழிருந்து மேல்வரை அறுபடாத பட்டை எவ்வளவு அகலத்துக்கு மிச்சமிருக்கிறது என்று பாருங்கள். சந்தேகமான இடத்தில் நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். பச்சையும் ஈரமுமாக இருந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாகக் காய்ந்திருந்தால் அந்த இடம் போய்விட்டது. சுற்றளவில் முக்கால் பங்கு நன்றாக இருந்தால் மரம் தானே தேற்றிக்கொள்ளும். பாதி போயிருந்தால் இழுபறி. முழுச் சுற்றும் போயிருந்தால் கைவைத்தியம் உதவாது. அதே மரத்தில் பென்சில் கனத்துக்குப் போத்து (இளங்கிளை) வெட்டி, காயத்துக்குக் கீழே ஒரு முனையும் மேலே ஒரு முனையுமாகப் பட்டைக்கு உள்ளே செருகிப் பாலம் மாதிரி ஒட்டுப் போடுவார்கள். போத்தின் அடிப்பக்கம் கீழேதான் இருக்க வேண்டும், தலைகீழாக வைத்தால் பிடிக்காது. ஒட்டுக் கட்டிப் பழகிய நாற்றுப்பண்ணைக்காரரை உடனே கூப்பிடுங்கள்.

பட்டை கொஞ்சமாவது மிச்சமிருந்தால், தொங்கும் நார்களைக் கூரான கத்தியால் இறுக்கமான பட்டை வரை நறுக்கி எடுங்கள். தார், சிமெண்டு, சாணி, பெயிண்டு எதையும் பூசாதீர்கள். காற்று பட்டுத்தான் ஆற வேண்டும். இந்த வருஷம் பூ வந்தால் கிள்ளிவிடுங்கள். வெயில் நாளில் தண்ணீர் விடுங்கள், உரத்தை அள்ளிக் கொட்டாதீர்கள். ஒட்டுக்குக் கீழேயிருந்து துளிர் வந்தால் அது அடிக்கன்றின் துளிர், அனாக் செக்கோலா பழம் அதில் வராது.

இனிமேல் அந்த மெஷின் மரத்துக்குக் கிட்டவே வராமல் இருக்க என்ன செய்வது? செம்பனைத் தோட்டத்தில் ஒவ்வொரு மரத்தையும் சுற்றிப் புல்லை நீக்கி வட்டம் எடுத்து வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது உதிர்ந்த பழம் பொறுக்கவும் உரம் போடவும். வீட்டு மரத்துக்கும் அதே மாதிரி, மரத்திலிருந்து குறைந்தது ஒன்றரை அடி தள்ளி ஒரு வட்டம் எடுங்கள். புல்லைக் கையால் பிடுங்கி, நனைத்த அட்டைப்பெட்டியை விரித்து, மேலே மூன்று அங்குலத்துக்குக் காய்ந்த இலை போடுங்கள். அடிமரத்தை ஒட்டி நான்கு விரல் இடம் காலியாக இருக்கட்டும், இலை முட்டிக்கொண்டு இருந்தால் பட்டை ஊறி அழுகும். புல்லே இல்லாத இடத்துக்குப் புல் வெட்டுகிறவர் ஏன் வரப்போகிறார்?

கன்று சின்னதாக இருக்கும்வரை, 4 அங்குல பிவிசி குழாயில் ஓரடித் துண்டு அறுத்து, நீளவாக்கில் ஒரு பக்கம் பிளந்து, விரித்து மாட்டுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கழற்றி உள்ளே எறும்பு, கறையான் இருக்கிறதா என்று பார்த்து, மரம் பருத்ததும் எடுத்துவிட வேண்டும். கம்பியால் மரத்தோடு கட்டாதீர்கள், மரம் பருக்கும்போது அந்தக் கம்பியே கழுத்தை நெரிக்கும். பழைய டயர் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். டயருக்குள் மழைத்தண்ணீர் நின்றால் ஏடிஸ் கொசு முட்டையிடும். சுகாதாரத் துறை ஆட்கள் வந்தால் நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் 1975-ஆம் வருஷச் சட்டத்தின்படி அபராதச் சீட்டும் தருவார்கள்.

கேள்வி: எங்கள் வீட்டு வேலி பச்சை பிளாஸ்டிக் பூசிய வலைக்கம்பி. போட்டு நான்கு வருஷம்தான் ஆகிறது. தரையோரம் ஒரு முழத்துக்குப் பிளாஸ்டிக் உதிர்ந்து துரு ஏறிவிட்டது. மட்டக் கம்பி என்று விற்றவரிடம் சண்டை போடலாமா? (வாசகர், கூலிம்)

பதில்: ஐயா, மேல்பாதி எப்படி இருக்கிறது என்று முதலில் பாருங்கள். மேலே பிளாஸ்டிக் பளபளவென்று இருந்து, கீழே புல் முளைக்கும் உயரத்துக்கு மட்டும் உதிர்ந்திருந்தால் அது மெஷின் கயிறு அடித்த அடி. கம்பியின் மேல் துத்தநாகப் பூச்சு, அதன் மேல் பிளாஸ்டிக். கயிறு நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்கான சுற்றுச் சுற்றுகிறது, ஒவ்வொரு சுற்றும் ஒரு சாட்டையடி. பிளாஸ்டிக்கில் மயிரிழை விரிசல் விழுந்தால் போதும். மழைத்தண்ணீர் உள்ளே புகுந்து, வெளியே வர வழியில்லாமல் கம்பியை ஒட்டியே நிற்கும். வெளியே பச்சையாகத் தெரியும் இடத்தில்கூட உள்ளே துரு ஓடிக்கொண்டிருக்கும்.

உப்பிய பிளாஸ்டிக்கைக் கத்தியால் சீவி எடுத்து, இரும்பு பிரஷ்ஷால் துரு போகத் தேய்த்து, நன்றாகக் காய்ந்த பிறகு துத்தநாகம் கலந்த பெயிண்டு அடியுங்கள். அதன் மேல் பச்சை வண்ணம். மழைக்கால ஈரத்தில் அடித்தால் ஒரு மாதத்தில் உரியும்.

வேலிக்கு அடியில் இருபுறமும் அரை அடி அகலத்துக்குப் புல்லே வராமல் செய்துவிட்டால் இந்தத் தொல்லை தீர்ந்தது. நடைபாதைக்குப் போடும் சிமெண்டுப் பலகைகளை மண் மட்டத்துக்குப் பதியுங்கள், மழைத்தண்ணீர் போக நடுவில் இடைவெளி விடுங்கள். ஜல்லி கொட்டச் சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் சம்மதம் இல்லை. மெஷின் கயிறு ஒரு ஜல்லியைத் தொட்டால் அது பக்கத்து வீட்டுக் கார்க் கண்ணாடியில் போய்த்தான் நிற்கும்.

வேலியில் ஏறும் கொடிகளை மெஷினால் வெட்டவே வெட்டாதீர்கள். கயிறு கொடியோடு கம்பியில் சுற்றிக்கொண்டு வலையையே இழுக்கும். அடியில் அரிவாளால் அறுத்துவிட்டு ஒரு வாரம் விடுங்கள். காய்ந்த கொடி இழுத்தால் தானே வரும்.

கேள்வி: தென்னை மரத்தடியிலும் மெஷின் பட்டுக் காயமாகிவிட்டது. ரம்புத்தான் மாதிரி இதுவும் பட்டுப்போகுமா? (வாசகர், பாகான் டத்தோ)

பதில்: தென்னைக்கு நான் மேலே சொன்ன கேம்பியம் இல்லை. சாப்பாடு போகும் நரம்புகள் தண்டு முழுக்கப் பரவி இருப்பதால், சுற்றிலும் பட்டை போனாலும் உடனே சாகாது. ஆனால் ஒரு காயம் விழுந்தால் அது ஆயுளுக்கும் மூடாது. அந்தக் காயத்தின் வாசனைக்கே சிவப்புக் கூன்வண்டு வந்து முட்டையிடும், புழு உள்ளேயே குடைந்து தின்னும். வெளியில் தெரியும்போது காலம் கடந்திருக்கும். தென்னையடிக்குச் பழம் எடுத்த செம்பனை வெற்றுக்குலை கொண்டுவந்து குவிக்கிற பழக்கம் உங்கள் பக்கம் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். மட்கும் குவியலில் காண்டாமிருக வண்டு பெருகி, நேராகத் தென்னங்குருத்துக்கு ஏறும்.

கேள்வி: மெஷினும் வேண்டாம், காயமும் வேண்டாம் என்று மரத்தடியில் களைக்கொல்லி மருந்தடித்துவிடலாமே? (வாசகர், தாப்பா)

பதில்: தோட்டத்தில் மருந்தடித்த பெண்களோடு நான் வேலை செய்தவன். அவர்கள் நகம் கறுத்து உதிர்ந்ததைப் பார்த்தவன். பாரகுவாட் என்ற களைக்கொல்லிக்கு 2020 ஜனவரி 1 முதல் இந்த நாட்டில் தடை. யாராவது பழைய போத்தலை வைத்துக்கொண்டு மலிவாகத் தந்தாலும் வாங்காதீர்கள்.

கிளைபோசேட் என்ற களைக்கொல்லி இலையில் பட்டால் வேர் வரை இறங்கிக் கொல்லும். அதனால்தான் லாலான் புல்லுக்கு அது பேர் போனது. இளங்கன்றின் பட்டை பச்சையாக இருக்கும்வரை அதுவும் இலை மாதிரியே மருந்தை உள்ளே இழுக்கும். அடியிலிருந்து வரும் துளிரில் பட்டாலும் அப்படித்தான். வேலியோரம் காற்றில்லாத காலையில், முனையைத் தரைக்குக் கிட்டப் பிடித்து அடிப்பதானால் அடியுங்கள். கன்று நிற்கும் வட்டத்துக்குள் உங்கள் இரண்டு கையும் ஒரு முக்காலியும் போதும்.

கேள்வி: ஐயா, நான் நம்ம ஊர்ப் பையன்தான். இரண்டு வருஷமாகப் புல் வெட்டிப் பிழைக்கிறேன். மரம் பட்டுப்போனாலும் வேலி துருப்பிடித்தாலும் பழி என் மேல்தான். மரத்தடியில் புல் நின்றால் ‘ஒழுங்கா வெட்டலை’ என்று காசைக் குறைக்கிறார்கள். வெட்டினால் மரம் போச்சு என்கிறார்கள். நான் என்னதான் செய்வது? (சுங்கை சிப்புட்)

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். வெயிலில் மெஷினைத் தோளிலும் முதுகிலும் சுமந்து செய்கிற வேலை இது. வீட்டுக்காரர்கள் சொல்லாமல் விட்டதற்கெல்லாம் நீங்கள் பழி சுமக்க வேண்டியதில்லை. அதனால் காசு பேசும்போதே மரத்தடியையும் பேசிவிடுங்கள். “மரத்தடி ஒரு முழமும் வேலியோரம் ஒரு சாணும் மெஷின் வராது. கையால் எடுத்துத் தருகிறேன், அதற்கு மரத்துக்கு இவ்வளவு” என்று தனியாகக் கேளுங்கள். வேண்டாம் என்றால் புல் நிற்கும், அது அவர்கள் முடிவு. பழைய காயம் இருந்தால் வேலை தொடங்குமுன் வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டி, கைபேசியில் படமும் எடுத்துவையுங்கள்.

மெஷினைத் தூக்குமுன் வளாகம் முழுக்க ஒரு நடை நடந்து வாருங்கள். கல், ஆணி, கம்பித்துண்டு, பிள்ளைகள் விட்ட பந்து எல்லாவற்றையும் பொறுக்குங்கள். புல்லுக்குள் மறைந்திருக்கும் கன்றுகளுக்குப் பக்கத்தில் சிவப்புத் துணி கட்டிய குச்சி ஒன்று நடுங்கள். நான் தோட்டத்தில் புதுக்கன்று வரிசைக்கு ஆட்களை அனுப்பும்போது இதைச் செய்யாமல் அனுப்பியதே இல்லை. ஆள் நடமாட்டம் பதினைந்து மீட்டருக்கு அப்பால் இருக்க வேண்டும்.

கயிறு வெட்டுவது அதன் நுனியால். நுனி மட்டும் புல்லைத் தொடும்படி பிடித்தால் அரை வேகமே போதும். கடையில் ‘தாலி தங்சி’ (நைலான் கயிறு) வாங்கும்போது மெஷின் தலைக்கு ஏற்ற கனம் எதுவென்று கேட்டு வாங்குங்கள். தடித்த கயிறு சீக்கிரம் தேயாதுதான், ஆனால் பட்டையில் பட்டால் அதற்கேற்ற காயம். வேலியை நெருங்கும்போது தலையை வேலிக்கு நேரே வீசாமல், வேலிக்கு இணையாக நடந்துகொண்டே வாருங்கள். கயிறு கம்பியைத் தட்டினால் காது சொல்லும். ‘ட்ரிங்’ என்ற அந்தச் சத்தம் கேட்டால் ஒரு கால் பின்னால் வையுங்கள்.

இரும்பு பிளேடைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வீட்டு வளாகத்தில் அதை மாட்டவே மாட்டாதீர்கள். தோளில் மாட்டும் மெஷின்களில் பிளேடு பெரும்பாலும் இடப்பக்கமாகச் சுற்றும். மரத்திலோ வேலிக்கால்களிலோ பிளேடின் எதிர்முனையிலிருந்து வலப்பக்கம் வரையிலான கால்வட்டம் பட்டால், மெஷின் உங்கள் மேலேயே உதைத்துத் திரும்பும். எங்கள் பிரிவில் ஒருவருக்கு அப்படித் திரும்பியது. வரப்பில் புதைந்திருந்த பழைய வேலிக்கால், புல்லில் தெரியவில்லை. கெட்டி பூட்ஸ் போட்டிருந்ததால் கால் தப்பியது, பூட்ஸின் தோல் இரண்டாகப் பிளந்திருந்தது. கண்ணாடியும் கணுக்கால் காப்பும் இல்லாமல் நீங்கள் வேலைக்குப் போகிறீர்கள் என்றால், அடுத்த மாதக் காசில் முதலில் அவற்றை வாங்குங்கள்.

மரத்தடிக்கு ஓர் அரிவாளும், குட்டைப் பிடி வைத்த கொத்தும் வண்டியில் போட்டுக்கொள்ளுங்கள். முழங்காலுக்குப் பழைய டியூப் துண்டு ஒன்று. ஒரு மரத்துக்குப் பத்து நிமிஷம் ஆகும். முதல் தடவை வட்டம் எடுத்து இலை போட்டுவிட்டால் அடுத்த மாதம் இரண்டு நிமிஷம்தான், அப்போதும் அதே காசு கேட்கலாம், கொடுப்பார்கள். சனிக்கிழமை காலையில் நான் வீட்டில்தான் இருப்பேன். பத்திரிகைக்கு எழுதிக் கேட்டால் முகவரி தருவார்கள். வாருங்கள், என் பழைய பால் வெட்டும் கத்தி இன்னும் இருக்கிறது. ஒரு காய்ந்த கிளையில் பட்டை எவ்வளவு கனம், கட்டை எங்கே தொடங்குகிறது என்று சீவிக் காட்டுகிறேன்.